கசாக்ஸ்தானில் அல்மாத்தி பக்கம் ஜம்பில் நினைவு இல்லத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் தோட்டத்துப் பாட்டுக்காரர் அறைக்காகக் கேட்கிறேன்

ஆறாம் நிரை:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை நான். பால்மரம் (ரப்பர்) இருந்த காடு முழுக்க இப்போது எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதிக்கு மேல் இடித்தாகிவிட்டது. பழைய அடையாளம் என்று நிற்பது கோயிலும் அதற்குப் பின்னால், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட ஆயக்கொட்டகையும்தான். அந்த ஆயக்கொட்டகையைக் கொஞ்சம் செப்பனிட்டு எங்கள் தோட்டத்துப் பாட்டுக்காரத் தாத்தாவுக்கு ஒரு நினைவு அறை வைக்கலாம் என்று கோயில் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் தேப்பு என்ற தோல் கருவி இருந்தால் போதும், காமன் பண்டிகையில், காமன் எரிந்தான் என்று வாதாடும் எரிந்த கட்சி, இல்லை என்னும் எரியாத கட்சி இரண்டுக்கும் அவரே மாறி மாறி நின்று விடிய விடிய லாவணி என்ற போட்டிப் பாட்டுப் பாடுவார். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய் உயிரோடு திரும்பி வந்தவர்களில் ஒருவர், அதையும் பாட்டாகக் கட்டிப் பாடியிருக்கிறார். 90களில் காலமானார்.

சண்டை எங்கே வந்தது என்றால், ஐம்பதுகளில் தோட்ட நிர்வாகியாக இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது தாத்தா அவரைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடினார். அதைத் தட்டச்சு செய்து கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டி வைத்திருந்தார்கள், அந்தக் கண்ணாடிச் சட்டம் இப்போது எங்கள் கையில் இருக்கிறது. பாட்டுக்குப் பரிசாக ஒரு சைக்கிளும் கிடைத்திருக்கிறது. இளைஞர்கள் அதை அறையில் வைக்கவே கூடாது என்கிறார்கள், இது எந்த ஊர் என்று மறந்துவிட்டீர்களா, 1948 ஜூன் 16இல் துரைமார்களைச் சுட்டது இங்கேதானே, அப்புறம் பன்னிரண்டு வருடம் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் கிடந்தோமே, இதில் துரை புகழ் பாடினதை வேறு காட்சிக்கு வைப்பதா என்று. பெரியவர்கள், அதுதான் இருக்கிற ஒரே எழுத்துச் சான்று, அதை எப்படி விடுவது என்கிறார்கள்.

இதற்கிடையில் அக்கா மகன் குடும்பத்தோடு அல்மாத்திக்கு டிக்கெட் எடுத்துவிட்டு என்னையும் வரச் சொன்னான். ஊரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஜம்பில் ஜபாயெவ் என்ற கசாக் வாய்மொழிக் கவிஞரின் நினைவு இல்லம் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. இவரும் எழுதி வைத்துப் பாடியவர் இல்லை, தோம்ப்ரா என்ற தந்திக் கருவியை மீட்டிக்கொண்டு நின்ற இடத்தில் கட்டிப் பாடியவர், போட்டிப் பாட்டில் பெயர் எடுத்தவர். ஸ்டாலினைப் புகழ்ந்து ஏகப்பட்ட பாட்டும் பாடியிருக்கிறார். படிக்கப் படிக்க எங்கள் கமிட்டிச் சண்டைதான் ஞாபகம் வந்தது. நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அங்கே போவது எப்படி, ஒரு நாள் செலவழிக்கும் அளவுக்கு இருக்கிறதா, புகழ்ப்பாட்டு விஷயத்தை என்ன செய்வது.

மேற்குச் சாலை:

நான் போயிருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், நம் பாஸ்போர்ட்டுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டாம். அல்மாத்தியிலிருந்து மேற்கே பிஷ்கெக் போகும் பழைய சாலையில் கஸ்கெலென், உசின்அகாஷ் தாண்டி எழுபது கிலோமீட்டர் போல. ஊர் பெயரே ஜம்பில்தான். கைப்பேசிச் செயலியில் டாக்சி பிடித்துப் போவது எளிது, ஆனால் திரும்பி வர அங்கே வண்டி கிடைக்காது, அதே ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லி முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள். கசாக்கோ ரஷ்யமோ தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. திறந்திருக்கிறதா என்று விடுதியிலேயே சொல்லித் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு நாள் முழுக்க அங்கேயே இருக்க முடியாது, அரை நாள் போதும். தெற்கே வரிசையாக மலை, நடுவில் அவர் வாழ்ந்த வீடு, பக்கத்தில் அவரே வளர்த்த தோட்டம், அதற்குள் சமாதி. இவ்வளவுதான். ஆனால் போவதற்கு முன் இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1846 பிப்ரவரி 28, குடும்பம் ஆடு மாடுகளோடு இடம் மாறிக்கொண்டிருந்தபோது, ஜம்பில் என்ற மலையடியில், அதனால்தான் அந்தப் பெயர். பதினான்கு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி சுயின்பாய் என்ற பெரிய பாட்டுக்காரரிடம் சீடராகச் சேர்ந்தார். அதற்கப்புறம் எழுபது வருடத்துக்கு மேல் சந்தை, கல்யாணம், கூடாரம் என்று சுற்றிப் பாடினார். அந்த வீடு கட்டப்பட்டதோ 1938இல். அப்போது அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. இறந்தது 1945 ஜூன் 22, நூறு ஆக எட்டு மாதம் இருந்தது. அடுத்த வருடமே, 1946இல், வீடு அருங்காட்சியகம் ஆகிவிட்டது.

அதாவது நீங்கள் பார்க்கப் போவது ஒரு மனிதருடைய கடைசி ஏழு வருடத்தை. அதற்கு முந்தின தொண்ணூற்றிரண்டு வருடத்துக்கு அங்கே சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. புகழ்ப்பாட்டை அங்கே என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் தேட வேண்டியதில்லை, அரசாங்கம் கட்டிக் கொடுத்த அந்த வீடேதான் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த பரிசு. உங்கள் தாத்தாவின் சைக்கிள் இன்னும் இருந்தால் அதை முதலில் தேடுங்கள்.

பழைய வாத்தியார்:

தம்பி, நல்ல கேள்வி. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜம்பில் கதையில் 1936 தான் திருப்பம். அந்த வருடம் மே மாதம் மாஸ்கோவில் கசாக் கலை விழா நடத்தினார்கள். தொண்ணூறு வயதுக் கிழவர், அங்கி, தொப்பி, கையில் இரண்டு தந்தி தோம்ப்ரா. மாஸ்கோவுக்கு இப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார். புல்வெளியில் பிறந்த கிழவரே புதிய ஆட்சியைப் புகழ்கிறார் என்றால் அதைவிடப் பெரிய சாட்சி உண்டா? அப்புறம் லெனின் விருது, 1941இல் ஸ்டாலின் பரிசு, 1938இல் ஒரு நகரத்துக்கே ஜம்பூல் (ரஷ்யத்தில் ஜம்பிலை அப்படித்தான் சொல்வார்கள்) என்று பெயர். அந்த நகரம் 1997இல் தராஸ் என்று மாறியது, ஆனால் அது இருக்கும் மாநிலத்துக்கு இன்றும் ஜம்பில் என்றுதான் பெயர்.

அவர் கசாக் மொழியில் மட்டுமே பாடினார். பக்கத்தில் இருந்த உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள், ரஷ்யக் கவிஞர்கள் மொழிபெயர்ப்பார்கள், பத்திரிகையில் வரும். கிழவர் பாடியது எவ்வளவு, எழுதியவர் சேர்த்தது எவ்வளவு, மொழிபெயர்ப்பாளர் கட்டியது எவ்வளவு என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. 1937இல் யெஷோவ் என்ற ரகசியப் போலீஸ் தலைவரைப் புகழ்ந்து ஒரு நீண்ட பாட்டு அவர் பெயரில் வந்தது. லட்சக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்த காலம் அது, கசாக்ஸ்தானில் எழுத்தாளர்களும் தப்பவில்லை. 1940இல் அந்த யெஷோவையே சுட்டுக் கொன்றார்கள். பாட்டு மட்டும் ஜம்பில் பெயரில் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில், அந்த வயதில், அவரிடம் யாராவது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அவருக்கு அநியாயம். 1941இல் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சூழ்ந்தபோது அந்த ஊர்க்காரர்களைத் தன் பிள்ளைகளே என்று கூப்பிட்டு ஒரு பாட்டு வந்தது. வானொலியில் படித்தார்கள், சுவரொட்டியாக அச்சடித்து நகரச் சுவர்களில் ஒட்டினார்கள். பசியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் படித்து அழுதார்கள் என்று அந்த ஊர்க்காரர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். இன்றும் அந்த நகரத்தில் அவர் பெயரில் ஒரு சந்தும் அவருக்கு ஒரு சிலையும் இருக்கின்றன. அதுவும் மொழிபெயர்ப்பாளர் கை பட்டுத்தான் போனது. அவர் மகன் அல்கதாய் 1943இல் போரில் இறந்தார். அதே 1943இல் நம் தோட்டத்து ஆட்கள் சயாமில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் பாட்டைத் தட்டச்சு செய்தது யார்? தோட்டத்தில் தட்டச்சு இயந்திரம் ஆபீசில்தான் இருக்கும், அதைத் தட்டியது ஆபீஸ் எழுத்தரான கிராணியாகத்தான் இருக்கும். துரைக்குப் பிரிவுபசாரம் நடத்தியவரும் அநேகமாக அவரே. ஆகவே அதில் இருப்பது தாத்தாவின் வரியா, கிராணியின் வரியா? மொழியைப் பாருங்கள். லாவணி மெட்டில் உட்காருகிறதா, அல்லது வாழ்த்துமடல் நடையில் ‘பேரன்பும் பெருமதிப்பும்’ என்று போகிறதா? எனக்கு என்னவோ கிராணி மேல்தான் சந்தேகம். எதுவானாலும் ஒளித்து வைக்காதீர்கள். நம் பாணர்கள் யாழைத் தூக்கிக்கொண்டு வள்ளல் வாசலில் நின்றவர்கள்தான். பசித்தவன் பாடிய பாட்டு என்பதற்காக அதை யாரும் சங்கப் பாட்டிலிருந்து கழித்துவிடவில்லை. பக்கத்தில் யார் எழுதியது, யார் முன்னால் பாடியது, என்ன கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

மஞ்சள் பஸ்:

வாத்தியார் சொன்னதை ரசித்துப் படித்தேன், ஆனால் கிராணி மேல் பழியைப் போடுவது சரியாக வரவில்லை ஐயா. நானும் அதே தோட்டம்தான், மேல் லயம். என்னிடம் 80களில் எங்கள் மாமா கல்யாணத்தில் பதிவு செய்த ஒரு கேசட் இருக்கிறது. அதில் அந்தத் தாத்தாவே துரை பாட்டைப் பாடுகிறார், அதுவும் யாரும் கேட்காமலே, துரை போய் முப்பது வருடம் ஆன பிறகு. ஆபீசும் இல்லை, சைக்கிளும் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பது கள்ளு குடித்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள். சந்தோஷமாகத்தான் பாடுகிறார். எங்கள் பாட்டி சொன்ன காரணம், தாத்தா பெண்சாதிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காதபோது ராத்திரி ஊரடங்கு நேரத்தில் அந்தத் துரை தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதே துரைதான் ஒட்டுப்பால் (கோப்பையிலும் மரத்திலும் உறைந்த பால்) எடை குறைந்தது என்று பாட்டிக்கு அரை நாள் சம்பளம் வெட்டினார், அதையும் பாட்டி மறக்கவில்லை, இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்லும். இளைஞர்களுக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும், அதற்காகத் தாத்தா மனதில் இல்லாத எதிர்ப்பை நாம் போய் அவர் வாயில் வைக்கக் கூடாது.

இன்னொன்று. பாட்டுக்காரர் என்றால் ஆண்தானா? நிரையில் பால் வெட்டிக்கொண்டே இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் குரல் கொடுத்துப் பாடியது யார், ஆயக்கொட்டகையில் தூளி ஆட்டிய ஆயா பாடாத தாலாட்டா, சாவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தவர்கள் யார்? நீங்கள் அறை வைக்கப் போகிற இடமே ஆயா பாடின இடம். எண்பது தாண்டிய நான்கைந்து பாட்டிமார்கள் இன்னும் தாமானில் (புதுக் குடியிருப்பில்) மகள் வீட்டிலும் மகன் வீட்டிலும் இருக்கிறார்கள். அறைக்குச் சாயம் அடிப்பதற்கு முன் அவர்களிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்து பாடச் சொல்லாதீர்கள், பாடினால் அந்த வீடு விளங்காது என்று பயப்படுவார்கள். கோயில் பின்பக்கம் உட்கார வைத்தால் பாடுவார்கள்.

கேசட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும், வெள்ளையாகத் தூசி மாதிரி தெரிந்தால் அப்படியே போட்டு ஓட்டாதீர்கள், பெட்டியில் நாடாவைப் படிக்கும் தலையும் கெடும், நாடாவும் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். முதலில் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போட்டு நன்றாகக் காயவிட வேண்டும், பூஞ்சையைத் துடைத்தெடுப்பதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள். பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன நெகிழி நாக்கை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. ஓட்டும்போது ஒரே தடவையில் கணினியில் ஏற்றிவிடுங்கள், எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்ப வேண்டுமானால் அதிலிருந்து சின்னதாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

தீம்பார் கணக்கு:

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள், ஒரு வேலைக்காகாத கேள்வி கேட்கிறேன். ஆயக்கொட்டகை யாருடைய நிலத்தில் இருக்கிறது? கம்பெனி நிலம் என்றால் கையில் கடிதம் இல்லாமல் ஒரு ஆணி அடிக்காதீர்கள். வேறு ஒரு தோட்டத்தில் நாங்கள் இதே மாதிரி நூலகம் வைத்தோம், கூரை எல்லாம் மாற்றினோம், நிர்வாகம் கை மாறியதும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், புத்தகம் எல்லாம் இப்போது என் வீட்டுக் கார் கொட்டகையில் கறையானோடு இருக்கிறது. ஜம்பிலுக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நின்றது, நமக்குப் பின்னால் நிற்பது கோயில் கமிட்டி, அதிலும் இரண்டு கட்சி. முதலில் பாட்டைக் காப்பாற்றுங்கள், ஒரு பிரதி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், வாய்மொழி வரலாறு அவர்கள் சேகரிக்கிறார்கள். அறை இடிந்தாலும் அது இருக்கும்.

மேற்குச் சாலை:

கணக்கு அண்ணன் சொல்வது நியாயம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், கசாக்ஸ்தானில் ஜம்பில் பாடிய போட்டிப் பாட்டு அந்த வீட்டை நம்பி உயிரோடு இல்லை. ஐத்திஸ் என்பார்கள், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தோம்ப்ரா மீட்டி ஒருவரை ஒருவர் பாட்டாலேயே மடக்க வேண்டும், முன்கூட்டி எழுதிக்கொண்டு வந்தால் கூட்டம் கண்டுபிடித்துவிடும். ஜம்பிலே 1881இல் குல்மாம்பெத் என்ற பாட்டுக்காரரை அப்படித்தான் மடக்கினார், எதிராளி தன் குலத்துப் பணக்காரர்கள் பெருமையைப் பாட, இவர் மக்களைப் பாதுகாத்த வீரர்களைப் பாடி வாயை அடைத்தார் என்று சொல்வார்கள். இன்றைக்கும் அது பெரிய அரங்கில் நடக்கிறது, தொலைக்காட்சியில் வருகிறது, ஜெயித்தவருக்கு கார் கூடப் பரிசு கொடுக்கிறார்கள், நடுவில் அமைச்சரைக் கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தார்கள், கிர்கிஸ்தானோடு சேர்த்து. அல்மாத்தியில் இருக்கும்போது பான்ஃபிலோவ் பூங்காவில் மரத்தால் கட்டிய பழைய கட்டடத்தில் இசைக்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, அதை விடாதீர்கள். தோம்ப்ரா ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எப்படி மாறுகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

லாவணிக்கு அப்படி ஒரு மேடை நம் பக்கம் இல்லை. காமன் பண்டிகைக்கு ஒரு ராத்திரி இரண்டு பையன்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பார்க்கலாமே, தேப்பு அடிக்கத் தெரிந்தவர் இருந்தால்.

பழைய வாத்தியார்:

மஞ்சள் பஸ் அம்மா சொன்ன கேசட் இருக்கும்போது என் கிராணி வாதத்துக்கு வேலை குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. தட்டச்சில் இருக்கிற வரியும் கேசட்டில் பாடுகிற வரியும் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். ஜம்பிலுக்கு ஆய்வாளர்கள் இன்றும் கேட்கிற கேள்வி அதுதான், நமக்கு ஒரு கேசட் இருக்கிறது. பாட்டை எழுதும்போது பேச்சில் வருகிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ‘போச்சு’ என்று பாடினால் ‘போயிற்று’ என்று போடாதீர்கள். மலாய் வார்த்தை வந்தால் அதுவும் அப்படியே. சயாம் பாட்டில் ஜப்பான் வார்த்தை வந்தாலும் விடாதீர்கள்.

ஆறாம் நிரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கமிட்டியில் இதை எல்லாம் கைப்பேசியில் படித்துக் காட்டினேன், பெரியவர்கள் வாத்தியார் பக்கம், இளைஞர்கள் மஞ்சள் பஸ் அக்கா பக்கம், அதாவது துரை பாட்டு வேண்டாம் என்று நின்றவர்களே இப்போது அந்தக் கேசட்டைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். நிலம் பற்றி எழுத்தில் கேட்கக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறோம், பதில் வரும்வரை கூரையைத் தொடுவதில்லை. சைக்கிளைத் தேடினோம், பழைய இரும்பு வாங்குகிறவரிடம் எப்போதோ போய்விட்டதாம், மணி மட்டும் பேரன் வீட்டில் இருக்கிறது. தேப்பு இருக்கிறது, தோல் கிழிந்திருக்கிறது, புதுத் தோல் போட வேண்டாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அல்மாத்திக்குப் போய்வந்து படம் போடுகிறேன். அதற்கு முன் பாட்டிமார்கள் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று எண்ணம். அக்கா, கேசட்டைக் காயப் போட்டுவிட்டீர்களா? இங்கே ஓட்டுவதற்கு நல்ல நிலையில் ஒரு பெட்டிகூட இல்லை. கோயிலில் இருந்ததைப் போட்டுப் பார்த்தோம், பெல்ட் இளகி ஓடவே மாட்டேன் என்கிறது.

மஞ்சள் பஸ்:

ஈப்போவில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர் எனக்குத் தெரியும், பெல்ட் அளவைச் சொன்னால் போட்டுத் தருவார், பூஞ்சை துடைக்கவும் தெரிந்தவர். உங்கள் பெட்டியைத் திறந்து பழைய பெல்ட்டை வெளியே எடுங்கள், இளகிப் போயிருந்தால் கையில் மை மாதிரி ஒட்டும், ஸ்பிரிட்டால் துடையுங்கள். அளவை எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கொண்டு வருகிறேன், பசியாறிவிட்டு முதலில் கீழ் லயத்து ஆயாவைப் பார்த்துவிடலாம், மத்தியானத்துக்கு மேல் அதற்குக் காது கேட்பதில்லை.